கோழிக்குஞ்சுகளுக்கு ஏற்ற தீன் தொட்டியும் தண்ணீர்ப் பாத்திரமும்

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று எமது முன்னோர் சொல்லி வைத்தார்கள். தாய்க்கோழியோடு திரியும் குஞ்சுக்கு அது பொருந்தும். தாயின்றிப் பெட்டிக்குள் வளரும் குஞ்சின் கதை வேறு. அது ஓர் அங்குல ஆழத் தண்ணீரில் விழுந்து சாகும். உடல் நனைந்து, இரவில் குளிரால் விறைத்துச் சாகும். தன் எச்சம் கலந்த தீனைத் தின்று இரத்தக் கழிச்சல் கண்டு சாகும். இவற்றிற்கெல்லாம் பெரும்பாலும் காரணமாக இருப்பவை நாம் வைக்கும் இரண்டு சிறு பொருள்கள்: தீன் தொட்டியும் தண்ணீர்ப் பாத்திரமும். நல்ல இனக் குஞ்சையும் விலை கூடிய தீனையும் தேடி அலையும் நாம் இவ்விரண்டையும் பற்றிச் சற்றும் யோசிப்பதில்லை.

இவ்விதழை வாசிப்போரில் பலர் மண்ணோடு வாழ்ந்து, அந்த மண்ணை விட்டு வந்தவர்கள். 1990-இல் பலாலி, மயிலிட்டி, தெல்லிப்பழைப் பக்கங்களில் செம்மண் தோட்டங்களை விட்டு வெளியேறியவர்கள் உள்ளனர். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்கள் உள்ளனர். 1995 ஒக்ரோபர் 30 அன்று தொடங்கிய வலிகாமம் இடப்பெயர்வில் வந்தவர்களும், 2009-இல் வன்னியில் யாவற்றையும் இழந்தவர்களும் உள்ளனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஓர் அறையிலோ சிறு வளவிலோ வாழ்ந்தாலும், தோட்டக்காரனின் கை சும்மா இருக்க விரும்புவதில்லை. 2009-க்குப் பின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டு வந்திருக்கின்றன. திரும்பிச் செல்லும் குடும்பத்துக்கு முதலில் கைகொடுக்கக் கூடியது கோழிதான். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, வெங்காயம் நட்டுப் பலன் காணும் முன்னர் வீட்டில் நாலு முட்டை இருக்கும்.

மாடி வீடுகளில் கோழி வளர்க்கும்படி தூண்டுவது எமது நோக்கமன்று. நெருக்கமான தொடர்மாடியில் கோழி வளர்த்தால் அயலவரோடு மனத்தாங்கலே மிஞ்சும். சிறு வளவு உள்ளவர்களும் முதலில் வீட்டுச் சொந்தக்காரரையும் அயலாரையும் கேளுங்கள். மாநகர சபையின் விதிகளைப் பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரியுங்கள். இடமில்லாதவர்கள் பாத்திரங்களை இங்கேயே செய்து பழகலாம். ஊருக்குப் போகும்போது அவற்றைக் கையோடு கொண்டு போகலாம்.

முதலில் தண்ணீர், பிறகு தீன்

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சட் கருவின் மிச்சம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அது 2 நாள் வரை தீனின்றித் தாக்குப் பிடிக்கும். கொழும்பிலிருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இரவு பஸ்ஸில் குஞ்சுப் பெட்டியைக் கொண்டு செல்ல முடிவது இதனாற்றான். வழியில் பெட்டிக்குள் தண்ணீர் வைக்க வேண்டாம். அது சிந்திக் குஞ்சுகளை நனைத்துவிடும். காற்றோட்டம் தடைப்படாமல் பார்த்துக்கொண்டாற் போதும்.

வந்து சேர்ந்ததும் முதலில் தண்ணீர் காட்டுங்கள். ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து அலகின் நுனியைத் தண்ணீரில் மெதுவாகத் தொட்டு விடுங்கள். மூக்குத் துளை நனையக் கூடாது. நாலைந்து குஞ்சு பழகிவிட்டால் மற்றவை பார்த்துக் குடிக்கும். எல்லாம் குடித்த பிறகு, ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் தீனைப் போடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்குத் தீன் தொட்டி மட்டும் போதாது. குஞ்சு நிலத்தில் கொத்தித் தின்னும் இயல்புடையது. எனவே சொரசொரப்பான கடதாசியையோ சாக்கையோ விரித்துத் தீனைத் தூவுங்கள். பக்கத்தில் பிஸ்கற் பேணி மூடி போன்ற விளிம்பு குறைந்த தட்டில் கொஞ்சம் வையுங்கள். மினுக்கமான கடதாசியை விரிக்க வேண்டாம். அதில் கால் வழுக்கி, இரு பக்கமும் விரிந்து, குஞ்சு முடமாகிவிடும். நான்காம் நாள் கடதாசியை எடுத்துவிட்டுத் தொட்டிக்குப் பழக்குங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்?

எல்லாக் குஞ்சும் ஒரே நேரத்தில் வந்து தின்ன இடம் வேண்டும். இடம் போதாவிட்டால் பலமுள்ளது தின்னும், மெலிந்தது ஒதுங்கும். மூன்றாம் வாரத்தில் ஒரே வயதுக் குஞ்சுகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக நிற்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

முதல் இரண்டு வாரம் ஒரு குஞ்சுக்குத் தீன் தொட்டியின் விளிம்பில் 2.5 சென்ரிமீற்றர், அதாவது ஓர் அங்குலம் இடம் வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை அதன் இரு மடங்கு, 5 சென்ரிமீற்றர் வேண்டும். தண்ணீருக்கு முதலில் ஒரு குஞ்சுக்கு அரைச் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய இடமும் பின்னர் ஒன்றரைச் சென்ரிமீற்றரும் போதும்.

25 குஞ்சு வளர்க்கும் குடும்பத்துக்குக் கணக்குப் பார்ப்போம். முதல் இரண்டு வாரத்துக்கு 25 தரம் 2.5, அதாவது ஏறத்தாழ 63 சென்ரிமீற்றர் விளிம்பு வேண்டும். 35 சென்ரிமீற்றர் நீளமான தொட்டி ஒன்றில் இரு பக்கமும் நின்று தின்னலாம் ஆகையால் 70 சென்ரிமீற்றர் கிடைக்கும். மூன்றாம் வாரம் 125 சென்ரிமீற்றர் வேண்டும். அப்போது அதே அளவான இன்னொரு தொட்டியைச் சேர்த்தால் 140 ஆகிவிடும். வட்டமான பாத்திரமாயின் அதன் விட்டத்தை மூன்றால் பெருக்கினால் விளிம்பின் அளவு ஏறத்தாழ வரும்.

தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றே 25 குஞ்சுக்குக் காணும். இருந்தும் இரண்டு வையுங்கள். ஒன்று கவிழ்ந்தாலும், அடைத்துக்கொண்டாலும், நீங்கள் வேலையால் வரும் வரை மற்றது உயிரைக் காக்கும். கொழும்பு வெயிலில் தண்ணீரின்றி ஒரு பகல் போனாற் போதும், குஞ்சுகள் மடியத் தொடங்கிவிடும்.

தண்ணீர்ப் பாத்திரம் வேலை செய்யும் விதம்

கடையில் விற்கும் கவிழ்த்து வைக்கும் பிளாஸ்ரிக் பாத்திரத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். மேலே ஒரு சாடி, கீழே ஒரு தட்டு. சாடியின் வாய்க்கு அருகே சிறு துளை இருக்கும். குஞ்சு குடிக்கக் குடிக்கத் தட்டில் நீர் மட்டம் இறங்கித் துளை வெளியே தெரியும். உடனே அதன் வழியே காற்று சாடிக்குள் புகும், புகுந்த அளவுக்குத் தண்ணீர் வெளியே வரும். தண்ணீர் துளையை மூடியதும் காற்று உள்ளே போக முடியாது, தண்ணீரும் நின்றுவிடும். இவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

இதை விளங்கிக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு லீற்றர் கொள்ளும் வாயகன்ற பிளாஸ்ரிக் சாடி ஒன்றை எடுங்கள். அதன் வாய் விளிம்பிலிருந்து ஒன்றரைச் சென்ரிமீற்றர் தள்ளி, எதிரெதிராக இரண்டு சிறு துளை இடுங்கள். சாடியின் வாயை விட 5 சென்ரிமீற்றர் கூடிய விட்டமும் இரண்டரைச் சென்ரிமீற்றர் உயரமும் உள்ள தட்டொன்றைத் தெரிந்தெடுங்கள். சாடியில் தண்ணீர் நிரப்பி, தட்டால் மூடி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சட்டெனக் கவிழ்த்து வையுங்கள். சுற்றிவர இரண்டரைச் சென்ரிமீற்றர் அகலத்தில் தண்ணீர் நிற்கும். குஞ்சின் அலகு போகும், உடல் போகாது.

இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். துளை எப்போதும் தட்டின் விளிம்பை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயர்ந்தால் தண்ணீர் நிற்காமல் வழிந்தோடும். மற்றது, சாடியில் வேறெங்கும் ஓட்டையோ வெடிப்போ இருக்கக் கூடாது. பழைய பால்மாப் பேணியிலும் இதைச் செய்யலாம் என்றாலும், வெள்ளவத்தைக் கடற்கரையோரத்தில் உப்புக் காற்றில் தகரம் விரைவாகத் துருப்பிடிக்கும். ஊசி முனையளவு துரு ஓட்டை விழுந்தாற் போதும். இரவோடிரவாகத் தண்ணீர் முழுவதும் இறங்கி, விடியும்போது உமி நனைந்து, குஞ்சுகள் மூலையில் ஒடுங்கி நிற்கும். ஆதலால் கொழும்பில் பிளாஸ்ரிக்கே உகந்தது.

முதல் ஒரு வாரம் தட்டில் கழுவிய சிறு கூழாங்கற்களைப் பரப்பி விடுங்கள். குஞ்சு கல்லுக்கிடையில் அலகை விட்டுக் குடிக்கும். தவறி ஏறினாலும் மூழ்காது. திறந்த கோப்பையில் தண்ணீர் வைக்கவே வேண்டாம். ஊரில் சிரட்டையில் தண்ணீர் வைத்தோமே என்று சிலர் கேட்பர். அங்கே தாய்க்கோழி இருந்தது. நனைந்த குஞ்சை அது சிறகுக்குள் எடுத்துக்கொண்டது. பெட்டியில் அந்தச் சிறகு இல்லை.

முலைக்காம்பு போன்ற குழாய் பொருத்திய நவீன பாத்திரங்களும் உண்டு. குஞ்சு அலகால் தட்ட ஒரு சொட்டு விழும். பத்துக் குஞ்சுக்கு ஒன்று வீதம் பூட்டினால் தண்ணீர் அழுக்காகாது, உமியும் நனையாது. ஆயினும் தூசி அடைத்தால் வெளியில் தெரியாது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்க்கக் கூடியவர்கள் மட்டும் அதை வாங்கலாம்.

தீன் தொட்டி: காசு சிந்தும் இடம்

குஞ்சு வளர்ப்பில் பெருஞ் செலவு தீனே. 2021-இல் இரசாயன உரத் தடையால் சோளச் செய்கை பாதிக்கப்பட்டதும், 2022-இன் பொருளாதார நெருக்கடியில் தீன் விலை ஏறியதும், 2023-இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்ததும் நாம் அறிந்தவை. அக்காலத்தில் சிறு கோழிக் கூடுகள் பல வெறுமையாயின. ஆகவே ஒரு பிடி தீனும் வீணாகாத தொட்டியே நல்ல தொட்டி.

தொட்டியை நிரம்ப நிரப்பினால் மூன்றில் ஒரு பங்கு வரை கீழே சிந்தும். குஞ்சு அலகால் வாரி இறைப்பது அதன் குணம். மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மட்டும் போட்டால் சிந்துவது மிகச் சொற்பம். முட்டையின 25 குஞ்சு எட்டு வாரத்தில் ஏறத்தாழ 50 கிலோ தீன் தின்னும். அதில் 15 கிலோ உமிக்குள் போவதும் போகாததும் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஒரே தரம் நிரப்பாமல் நாளுக்கு மூன்று நாலு தரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கையோசை கேட்டுக் குஞ்சுகள் ஓடி வந்து தின்னும். ஓடி வராத குஞ்சு எதுவென்றும் உங்களுக்குத் தெரிந்துவிடும். நோய் அறியும் முதல் வழி அதுவே.

தொட்டி செய்ய 2 அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுங்கள். இரு முனையிலும் மரத்துண்டு வைத்து அடையுங்கள். அறுத்த விளிம்பை அரத்தால் மழுக்குங்கள், இல்லாவிட்டால் கழுத்தை வெட்டும். மூங்கில் கிடைத்தால் அதையும் இவ்வாறு பிளக்கலாம். மேலே, இரு முனைக்கும் நடுவே, தானாகச் சுழலும்படி ஒரு தடியைப் பூட்டுங்கள். குஞ்சு ஏறினால் தடி உருண்டு அதை இறக்கிவிடும். தீனுக்குள் கால் வைக்கவும் எச்சமிடவும் வழியில்லாமற் போகும். மூன்றாம் வாரம் தொடக்கம் 4 அங்குலக் குழாயில் செய்த தொட்டி வசதியானது.

தொட்டியின் விளிம்பு குஞ்சின் முதுகு மட்டத்துக்கு இருக்க வேண்டும். தாழ்ந்தால் சிந்தும், உயர்ந்தால் சிறியவை எட்டமாட்டா. குஞ்சு வளர வளரக் கீழே பலகையோ செங்கல்லோ வைத்து உயர்த்துங்கள். தண்ணீர்ப் பாத்திரத்துக்கும் இதே விதிதான்.

ஒரு எச்சரிக்கை. முட்டையிடும் கோழியின் தீனை மலிவென்றோ மிச்சமென்றோ குஞ்சுக்குப் போட வேண்டாம். அதிலுள்ள கூடிய கல்சியம் இளங்குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மழைக் காலத்தில் தீன் மூடையை நிலத்தில் வையாது பலகை மேல் வையுங்கள். பூஞ்சணம் பிடித்து மணம் மாறிய தீனை யோசிக்காமல் எறிந்து விடுங்கள்.

எங்கே வைப்பது?

முதல் வாரம் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும். பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். கொழும்பில் பகலில் வெயிலே பெரும்பாலும் போதும். இரவில் மின்குமிழ் வேண்டும். தீனையும் தண்ணீரையும் குமிழுக்கு நேர் கீழே வைக்க வேண்டாம். தண்ணீர் சூடேறினால் குஞ்சு குடிக்காது. சூட்டு வட்டத்தின் ஓரத்தில், ஒன்று தீன் ஒன்று தண்ணீர் என்று மாறி மாறி வையுங்கள். எந்தக் குஞ்சும் ஒரு மீற்றருக்கு மேல் நடக்க நேரக் கூடாது.

தண்ணீர்ப் பாத்திரத்தைக் கம்பி வலை அடித்த சிறு மரச் சட்டத்தின் மேல் வையுங்கள். சிந்தும் நீர் வலைக்குக் கீழே போகும், குஞ்சின் கால் ஈரமாகாது. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமி எச்சத்தோடு வெளிவந்து, ஈரமும் சூடும் உள்ள உமியில் ஒன்றிரண்டு நாளில் நோய் தரும் பருவத்தை அடைகிறது. காய்ந்த உமியில் அதற்கு அவ்வளவு வசதி இல்லை. சாதாரண கிருமிநாசினிக்கும் அது இலகுவில் சாவதில்லை. ஆகவே மருந்தை விட ஈரமில்லாமற் காப்பதே பெரிய காவல். நனைந்த உமியை அன்றைக்கே அள்ளி மாற்றுங்கள். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சில் எச்சத்தோடு இரத்தம் கண்டால் தாமதியாது கால்நடை வைத்தியரிடம் செல்லுங்கள்.

நகரத்தில் மேலும் இரண்டு கவனங்கள்

முதலாவது நுளம்பு. 2017-இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். டெங்கு நுளம்பு சிறு பாத்திரத்தில் தேங்கிய தெளிந்த நீரிலேயே முட்டையிடும். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீரை ஊற்றி விடுவது மட்டும் போதாது. தினமும் தும்பால் உரசிக் கழுவி வெயிலில் காய வையுங்கள். பாவிக்காத பாத்திரத்தைக் கவிழ்த்து வையுங்கள். குஞ்சுக்கு நல்லது எதுவோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதுவே நல்லது. உரசிக் கழுவும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவப் பழக்குங்கள்.

இரண்டாவது எலி. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் இதைச் சொல்லத் தேவையில்லை. இரவில் தீன் தொட்டியை வெளியே விட்டால் எலி வரும். தீனோடு நில்லாது குஞ்சையும் இழுத்துப் போகும். எலிக்காய்ச்சலையும் கொண்டு வரும். வளர்ந்த குஞ்சுகள் அடைந்த பின்னர் மிச்சத் தீனை மூடியுள்ள பேணியில் எடுத்து வையுங்கள்.

தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கும்போது

ராணிக்கெற் நோய்க்கு எதிரான தடுப்பு மருந்தைச் சில வேளை குடிநீரில் கலந்து கொடுப்பர். அம்பத்தலையிலிருந்தோ லபுகமவிலிருந்தோ எமது குழாய்க்கு வரும் நீரில் குளோரின் உண்டு. அது மனிதருக்கு நன்மை, ஆனால் உயிருள்ள தடுப்பு மருந்தைக் கொன்றுவிடும். குளோரின் கலவாத கிணற்று நீர் சிறந்தது. கிடைக்காவிட்டால் கொதிக்க வைத்து ஆறவிட்ட நீரில், லீற்றருக்கு 2 முதல் 3 கிராம் வரை கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்து, அரை மணித்தியாலம் கழித்து மருந்தைக் கலக்கலாம். உலோகப் பாத்திரம் கூடாது. சவர்க்காரம் ஒட்டியிருக்கவும் கூடாது. முன்னதாக ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம் தண்ணீரை எடுத்து வைத்தால் எல்லாக் குஞ்சும் தாகத்தோடு குடிக்கும். அன்று மட்டும் இரவல் வாங்கியாவது பாத்திரங்களைக் கூட்டுங்கள். குடியாத குஞ்சுக்குக் காப்பு இல்லை. எந்த வயதில் எந்த மருந்து என்பதை அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

ஊருக்குப் போனதும்

ஊரில் தாய்க்கோழியோடு குஞ்சு வளர்ப்போருக்கும் ஒரு தீன் ஏற்பாடு உண்டு. இலங்கைக் கிராமங்களில் திரிந்து மேயும் கோழிகளைப் பற்றி எஸ். பி. குணரத்ன, ஜே. ஏ. ரொபேட்ஸ் முதலியோர் செய்த ஆய்வு 1993-இல் வெளியானது. கோழியின் இரைப்பையைப் பார்த்தபோது, தின்றதில் ஏறத்தாழ முக்கால் பங்கு வீட்டுக் கழிவாகவே இருந்தது. அந்தக் கழிவைப் பெரிய கோழிகளோடு போட்டியிட்டுத் தின்னக் குஞ்சால் முடியாது. ஆகவே குஞ்சுக்கு மட்டும் எட்டும் தீன் கூட்டினால் கிராமக் கோழியின் பயன் கூடும் என்று 1994-இல் அவர்கள் எடுத்துக்காட்டினர். செய்வது எளிது. குஞ்சு நுழையக் கூடிய, பெரிய கோழி நுழைய முடியாத இடைவெளி விட்டுத் தடிகளாலோ பனை மட்டையாலோ ஒரு கூடு பின்னி, அதற்குள் தீன் தொட்டியையும் தண்ணீரையும் வையுங்கள். காகத்துக்கும் பருந்துக்கும் அது ஓரளவு தடையாகும்.

எருசலேமை நினைத்து வருந்திய இயேசு, தம் அன்பைச் சொல்ல எடுத்த உவமை குஞ்சுகளைச் சிறகின் கீழ்ச் சேர்க்கும் கோழியே. வீடிழந்து திரிந்தவர்களுக்கு அந்தச் சிறகின் அருமை விளங்கும். பெட்டிக்குள் வளரும் குஞ்சுக்கு அந்தச் சிறகின் வேலையைச் செய்வது உங்கள் கைதான். குஞ்சு வாங்கப் போகும் முன்னரே இரண்டு சாடியும் இரண்டு தொட்டியும் செய்து வையுங்கள். சாடியில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு கவிழ்த்து வைத்துப் பாருங்கள். காலையில் சாடியில் தண்ணீர் குறையாமலும் தட்டைச் சுற்றித் தரை காய்ந்தும் இருந்தால், குஞ்சு வாங்கப் புறப்படலாம்.